கூம்பு போய் பெட்டி வந்தாச்சு... கோயில் பொங்கலில் சத்தம் ஏன் குறையலை?

நாகலாபுரம், புதூர், விளாத்திகுளம் வட்டாரத்தில் பங்குனி, சித்திரை வந்துவிட்டால் ஊருக்கு ஊர் அம்மன் கோயில் பொங்கல்தான். மிளகாய், பருத்தி போட்டவர்கள் கையில் கொஞ்சம் காசு புரளும் நேரம். வரி பிரித்ததும் விழாக் கமிட்டி அட்வான்ஸ் கொடுக்கும் முதல் ஆட்களில் ஒருவர் மைக் செட்காரர்.

அனுமதிக்காகக் காவல் நிலையம் போனால், அங்கே தவறாமல் சொல்லப்படும் நிபந்தனை இது: கூம்பு வடிவ ஒலிபெருக்கி கூடாது, பெட்டி வடிவம் மட்டும்தான். கமிட்டியும் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வரும். ஆனால் அன்று ராத்திரி தகர வீட்டுக் கூரை அதிரும். வடிவத்தை மாற்றியும் சத்தம் ஏன் குறையவில்லை?

சட்டம் என்ன சொல்கிறது?

2000ஆம் ஆண்டின் மத்திய ஒலி மாசு விதிகள் கூம்பு, பெட்டி என்று பிரித்துப் பேசவில்லை. அவை பேசுவது டெசிபல் கணக்கு. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதிப் பகுதி. அங்கே பகலில் 50, இரவில் 40. எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. திறந்தவெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை கூடவே கூடாது. பண்டிகை, கலாச்சார விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல், இரவு 12 மணி வரை மாநில அரசு தளர்வு தரலாம்.

ஒரு சென்னை வழக்கில் 2000 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், ஒலிபெருக்கி வைத்துத்தான் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்றது. 2005 ஜூலை 18 தீர்ப்பில் இரவு நேரத் தடையை இன்னும் அழுத்தமாகச் சொன்னது. இதில் பெரிய ஆள், சின்ன ஆள் கிடையாது. 2023 ஏப்ரல் 30 அன்று புனேயில் ஏ.ஆர்.ரஹ்மான் மேடையில் இருக்கும்போதே, மணி பத்தைத் தாண்டிவிட்டது என்று போலீஸ் நிகழ்ச்சியை நிறுத்தியது.

கூம்புக்கும் பெட்டிக்கும் என்ன வித்தியாசம்?

கூம்பு ஒரு சிக்கனக்காரன். சின்ன ஆம்ப்ளிஃபயர், ஒரு 12 வோல்ட் பேட்டரி போதும். வேப்பமரத்தில் உயரக் கட்டிவிட்டால் நாலு ஊருக்குக் கேட்கும். மேடும் மலையும் இல்லாத கரிசல் காட்டில் குறுக்கே நின்று தடுக்க ஒன்றுமில்லை. ராத்திரியில் இன்னும் தெளிவாகக் கேட்பதற்குக் காரணம் ஊர் அடங்கிப் போவது மட்டுமல்ல. வெயில் இறங்கியதும் தரை சீக்கிரம் குளிரும், தரையை ஒட்டிய காற்றும் குளிரும், மேலே உள்ள காற்று வெதுவெதுப்பாகவே இருக்கும். அப்போது மேல்நோக்கிப் போகிற ஒலி வளைந்து மறுபடி கீழே இறங்கும். பகலில் இது தலைகீழ்.

ஆனால் கூம்பில் குரல்தான் வரும். சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அதாவது தவிலின் அடிச்சத்தம், பம்பையின் உறுமல் பெரிதாக வராது. பெட்டியில் அதெல்லாம் வரும். கேட்க நன்றாகவும் இருக்கும், அதை மறுக்க முடியாது. விலை என்னவென்றால், அதே அளவு கேட்க வைக்க சாதாரணப் பெட்டிக்குக் கூம்பைப்போல் சுமார் 10 மடங்கு மின்சக்தி வேண்டும். அதனால்தான் மரத்தில் இரண்டு குழாய் தொங்கிய இடத்தில் இப்போது ஆளுயர பேஸ் பாக்ஸ்கள், ஆயிரக்கணக்கான வாட்ஸ், தனி ஜெனரேட்டர்.

இங்கே அளவிடுவதிலும் ஒரு சிக்கல். விதியில் உள்ள அளவு ‘டெசிபல் ஏ’. மனிதக் காதின் போக்குக்கு ஏற்ப, தாழ்ந்த ஒலிகளைக் குறைத்துக் கணக்கிடும் முறை அது. 50 ஹெர்ட்ஸ் பேஸ் ஒலியில் சுமார் 30 டெசிபலைக் கழித்துவிடும். அதாவது 95 டெசிபல் பேஸ் மீட்டரில் 65 என்றுதான் காட்டும். நெஞ்சுக்குள் இடி, மீட்டரில் சாது! சுவரைத் தாண்டி வீட்டுக்குள் வருவதும் இந்தத் தாழ்ந்த ஒலிதான்.

முன்வரிசைக்கு இடி, கடைசி வரிசைக்குக் கேட்கலை

திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். பெட்டிக்கு 5 மீட்டரில் 105 என்றால் 80 மீட்டரில் 81தான். பின்னால் இருப்பவர் “கேட்கலைப்பா” என்று சத்தம் போட்டதும் ஆபரேட்டர் 10 டெசிபல் ஏற்றினால், முன்னால் மண்ணில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் காதில் 115 விழும். உலக சுகாதார அமைப்பு 2022இல் இசை நிகழ்ச்சிகளுக்குச் சொன்ன சராசரி உச்சவரம்பே 100தான்.

பெரிய கச்சேரிகளில் இதற்கு வழி இருக்கிறது. கூட்டத்தின் நடுவே இரண்டாவது செட் பெட்டிகளை நிறுத்துவார்கள். 70 மீட்டர் கடக்க ஒலிக்கு சுமார் 0.2 விநாடி ஆகும். அந்த அளவு தாமதத்தை மிக்ஸரிலோ பிராசஸரிலோ வைத்துவிட்டால் இரண்டு சத்தமும் ஒன்றாகவே காதுக்கு வரும். இந்தக் கணக்கு பிசகினால் பெரிய மேடையும் தப்பாது. 2023 செப்டம்பர் 10 அன்று சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’ நிகழ்ச்சியில் நெரிசலோடு சேர்ந்து எழுந்த இன்னொரு புகார், பின்னால் இருந்தவர்களுக்குப் பாட்டே கேட்கவில்லை என்பது.

ஊர்த் திருவிழாவுக்கு அவ்வளவு செலவு தேவையில்லை. மேடைக்கு இரண்டு பக்கமும் மலைபோல அடுக்குவதற்குப் பதில் நான்கு சின்னப் பெட்டிகளைக் கூட்டத்துக்குள் பிரித்து, ஆள் தலைக்கு மேலே தூக்கி, உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்துச் சாய்த்து வைத்தாலே போதும். ஆனால் பெட்டியை எண்ணித்தானே வாடகை பேசுகிறோம்! பக்கத்து ஊரைவிட ரெண்டு பெட்டி கூட வேண்டும் என்கிற கமிட்டியிடம் மைக் செட்காரர் எப்படிக் குறைத்துச் சொல்வார்?

யாரும் கேட்காத கேள்வி: எர்த் எங்கே?

சத்தத்தைப் பற்றி வழக்கு, தீர்ப்பு, நிபந்தனை எல்லாம் இருக்கிறது. உயிரை எடுக்கக் கூடியது வேறு. பேட்டரியில் ஓடிய செட் போய், மின்கம்பத்திலிருந்தும் ஜெனரேட்டரிலிருந்தும் ஓடும் செட் வந்துவிட்டது. பாடகர் உதட்டருகே பிடித்திருக்கும் மைக்கின் இரும்பு உடல், ஒயர் வழியாக மிக்ஸர், ஆம்ப்ளிஃபயர் வரை இணைந்திருக்கிறது. அங்கே கசிவு ஏற்பட்டால் மின்சாரம் போக எர்த் வேண்டும். இல்லாவிட்டால் அது மனிதர் வழியாகத்தான் போகும்.

கரிசல் மண்ணில் இது கூடுதல் ஆபத்து. ஈரமாக இருக்கும்போது மின்சாரத்தை நன்றாகவே கடத்துகிற மண்தான். ஆனால் பங்குனி வெயிலில் காய்ந்து, சுருங்கி, பாளம் பாளமாக வெடித்துவிடும். ஐப்பசியில் அடித்துவைத்த எர்த் கம்பியைச் சுற்றி சித்திரையில் இடைவெளி விழுந்திருக்கும். கம்பி பார்க்க நிற்கும், வேலை செய்யாது. நீளமான கம்பியை ஈரம் இருக்கும் ஆழம் வரை இறக்கி, உப்பும் கரியும் போட்டு, விழா நாட்களில் தினமும் ரெண்டு குடம் தண்ணீர் ஊற்றினால் தீரும் விஷயம் இது.

எர்த் இல்லை என்று நியூட்ரல் ஒயரையே எர்த்தாக முறுக்கிவிடும் பழக்கம் இன்னும் மோசம். எங்காவது நியூட்ரல் அறுந்தால் மைக்கிலேயே 230 வோல்ட் வந்து நிற்கும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றை மேடை இணைப்பில் போடுவது, ஒரு பேஸ் பாக்ஸ் வாங்கும் செலவோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.

சத்தம் தாங்கவில்லை என்றால்?

நிர்ணயித்த அளவைவிட 10 டெசிபல் அல்லது அதற்கு மேல் கூடினாலோ, தடை நேரத்தில் ஒலித்தாலோ புகார் தரலாம். மாவட்ட ஆட்சியர், டி.எஸ்.பி.க்குக் குறையாத பதவியில் நியமிக்கப்பட்ட காவல் அதிகாரி ஆகியோருக்கு நடவடிக்கை எடுக்க அதிகாரம் உண்டு. அவசரத்துக்கு 112. புகாரில் பெட்டியா, கூம்பா என்று எழுத வேண்டியதில்லை. எந்த இடம், எத்தனை மணி, பக்கத்தில் பள்ளியோ மருத்துவமனையோ இருக்கிறதா என்று எழுதுங்கள்.