தை மாதத்தில் மல்லிதான் வேண்டுமா?

காஞ்சிபுரத்தை அடுத்து, பாலாற்றங்கரைப் பக்கம் ஓரிக்கை என்ற ஊர் இருக்கிறது. முன்னொரு காலத்தில் கணிகண்ணரை மன்னன் காஞ்சியை விட்டுத் துரத்தினான். அவருடன் திருமழிசை ஆழ்வாரும் கிளம்பினார். ஆழ்வார் சொல்லைக் கேட்டுப் பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு புறப்பட்டார். அவர்கள் ஓர் இரவு தங்கிய இடம் 'ஓர் இரவு இருக்கை'. அதுவே ஓரிக்கை ஆயிற்று என்பார்கள்.

மல்லிகைப் பூவுக்கும் ஓர் இரவுதான் வாழ்வு. காலையில் மொட்டாகப் பறிக்கிறார்கள். மாலைக்கு மேல் மலர்கிறது. மறுநாள் பழுப்பேறி விடுகிறது.

அந்த ஓர் இரவுக்காகக் கடன் வாங்கலாமா?

மல்லிக்கு நல்ல காலம் பங்குனி முதல் ஆனி வரை. வெயில் ஏற ஏற மொட்டு நிறைய வரும். விலை இறங்கும். மார்கழிப் பனியில் வரத்து குறைந்துவிடும். தை பிறந்ததும் முகூர்த்தம் வரும். எல்லோரும் மல்லி கேட்பார்கள். விலை பல மடங்கு ஏறும்.

"என்ன விலை ஆனாலும் கல்யாணத்துக்கு மல்லிதான்" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். தாலிக்கும் புடவைக்கும் கடன் வாங்கிய வீட்டில், பூவுக்கும் கடனா? இது வீண் பிடிவாதம். மணப்பெண் தலைக்கு மட்டும் மல்லி வாங்கினால் போதும். பந்தலுக்குச் சாமந்தி இருக்கிறது. அது பனிக்காலப் பூ. எளிதில் வாடாது. வரும் பெண்களுக்குக் கனகாம்பரம் கொடுக்கலாம். அதற்கு மணம் இல்லைதான். நடுவே மருக்கொழுந்து வைத்துக் கட்டினால் அந்தக் குறையும் தீர்ந்தது.

சித்திரையில் கதை வேறு. மல்லி குவியும். பறிப்புக் கூலிக்கே கட்டவில்லை என்று பயிரிட்டவர் புலம்புவார். அப்போது தாராளமாக வாங்கலாம். அவருக்கும் அது உதவி.

வாங்கும்போது கண்ணைத் திறந்து வாங்க வேண்டும். மொட்டு வெள்ளையாக, பருத்து இருக்க வேண்டும். பச்சை மொட்டு மலராது. காலையிலேயே விரிந்த பூ மாலைக்குத் தாங்காது. முழம் போடுவதிலும் சூட்சுமம் உண்டு. கை நீளத்தை மட்டும் பார்த்தால் ஏமாற வேண்டியதுதான். பூவுக்குப் பூ இடைவெளி விட்டுக் கட்டினால் இரண்டு முழமும் ஒரு முழத்துக்குச் சமம். வீட்டில் கட்டத் தெரிந்தவர்கள், உதிரிப் பூவாக எடை போட்டு வாங்குவதே லாபம்.

மல்லியின் மேல் தண்ணீரைக் கொட்டக் கூடாது. ஈரத் துணியிலோ வாழை இலையிலோ சுற்றி நிழலில் வைக்க வேண்டும். காம்புள்ள ரோஜாவைக் குவளையில் வைப்பவர்கள், காம்பின் நுனியைச் சாய்வாக நறுக்க வேண்டும். தண்ணீரில் இலை முழுகக் கூடாது. தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும்.

இன்னொன்று: பழத்தட்டிலேயே பூவையும் வைத்து மூடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. பழுக்கும் வாழைப்பழம் எத்திலீன் என்ற வாயுவை விடுகிறது. அது பல பூக்களைச் சீக்கிரம் வாட்டிவிடும். தாம்பூலம் வைக்கும் நேரம் வரையில் பூவும் பழமும் தனித்தனியே இருக்கட்டும்.