கேமரன் மலைக்கு எதை உடுத்திப் போவது?

பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், கிள்ளானிலும் காப்பாரிலும் பந்திங்கிலும் வேன் பேசுகிற பேச்சு தொடங்கிவிடும். மூன்று குடும்பம் சேர்ந்தால் ஒரு வேன். கட்டுச்சோறு, புளிச்சாதம், வாந்திக்கு எலுமிச்சம்பழம், மேலே போய்ச் சுட்ட சோளம், ஸ்ட்ராபெரி. தேயிலைத் தோட்டத்தின் நடுவில் நின்று படம் பிடித்துக்கொள்ளாமல் யாரும் இறங்கி வருவதில்லை. இந்த ஏற்பாடுகளுக்கிடையே தாய்மார்கள் என்னிடம் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்.

"டீச்சர், பிள்ளைக்கு நல்லா மொத்தமா ஒரு சுவெட்டர் வாங்கிட்டேன். அது போதும்ல?"

போதாது அக்கா. இன்னும் சொல்லப்போனால், அந்தக் காசையே மிச்சம் பிடித்திருக்கலாம். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அங்கே எவ்வளவு குளிர் என்று பார்த்துவிடுவோம். தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 100 மீட்டர் மேலே ஏறினால் சுமார் 0.6 பாகை குளிர்ச்சி கூடும் என்பது பொதுக் கணக்கு. அப்படியென்றால் கிள்ளானைவிட எட்டு ஒன்பது பாகை குறைவு. நம் வீட்டில் விடியற்காலை 24 பாகை என்றால் அங்கே 15, 16. பகலில் 22, 23 வரை ஏறும். பிரிஞ்சாங் மலை உச்சி 2,000 மீட்டரைத் தாண்டுவதால் அங்கே இன்னும் மூன்று பாகை குறையும். நம் நாட்டில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையும் கேமரன் மலையில்தான்: 1978 பிப்ரவரி 1-ஆம் தேதி, 7.8 பாகை. அது அபூர்வம். நாம் சந்திக்கப் போவது நடுத்தரக் குளிர். பனி கொட்டாது, நீர் உறையாது. ஆனால் ஒரே நாளில் வெயில், மூடுபனி, தூறல், காற்று என்று நான்கும் மாறி மாறி வரும். அதுதான் சங்கடம்.

மொத்தமான சுவெட்டர் போட்ட பிள்ளையின் நிலையை இப்போது எண்ணிப் பாருங்கள். வேனுக்குள் பத்துப் பன்னிரண்டு பேர் நெருக்கி உட்கார்ந்திருக்கிறார்கள். தாப்பாவில் தொடங்கி வளைந்து வளைந்து ஏறும்போதே பிள்ளைக்கு வியர்த்துவிடும். இறங்கியதும் அது சும்மா நிற்குமா? தேயிலைச் சரிவில் ஏறி ஓடும். உள்ளே இருக்கும் பருத்திப் பனியன் நனைந்து முதுகோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுகிற நேரம் பார்த்து மூடுபனி இறங்கும். உள்ளே ஈரம், வெளியே காற்று. மேலே எவ்வளவு தடித்த சுவெட்டர் இருந்தாலும் பிள்ளை நடுங்கத்தான் செய்யும். பெற்றவள், "இவ்வளவு விலை கொடுத்து வாங்கியும் குளிருதாமே!" என்று அதிசயப்படுவாள்.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. நம்மைச் சூடாக வைப்பது துணியன்று, துணிகளுக்கு இடையே அடைபட்டு நிற்கும் காற்று. ஒரு தடித்த துணியைவிட மூன்று மெல்லிய துணிகள் அதிகக் காற்றைப் பிடித்து வைக்கும். வேண்டாதபோது ஒன்றைக் கழற்றவும் செய்யலாம். அந்தக் காற்று இருந்த இடத்தில் ஈரம் புகுந்துவிட்டால் எல்லாம் தலைகீழ். தண்ணீர் காற்றைவிடப் பல மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்திவிடும். போதாததற்கு, ஈரம் உலரவும் சூடு வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை உடம்பின்மேல் உலர்ந்து போக ஏறக்குறைய 580 கிலோகலோரி தேவை. அதை உங்கள் உடம்புதான் கொடுக்கிறது. கிள்ளான் வெயிலில் அது வரம். பிரிஞ்சாங்கின் மாலை நேரத்தில் தண்டம்.

பால்மரக் காட்டில் வேலை செய்த நம் தாய்மார்களுக்கு இதை யாரும் புத்தகம் வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. விடியுமுன், குளிர்ச்சியான நேரத்தில்தான் மரத்தில் பால் நன்றாக ஓடும் என்பதால் இருட்டோடு பெரட்டுக்குப் போனவர்கள் அவர்கள். எப்படி உடுத்தினார்கள்? உள்ளே ரவிக்கை, இடுப்பில் கைலி, அதன்மேல் புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டை, தலையைச் சுற்றி ஒரு துண்டு, பனிக்கும் அட்டைக்கும் காலில் உறை. வெயில் ஏறி, பால் எடுக்கிற நேரத்தில் தலைத்துண்டு தோளுக்கு வரும், சட்டை இடுப்புக்கு வரும். யாரும் குளிருக்கென்று புதிதாக ஒன்றும் வாங்கவில்லை. இருந்ததையே அடுக்கினார்கள், வேளை பார்த்துக் கழற்றினார்கள். இன்று பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்ட தோட்டங்களிலும், மழைக்காலக் காலையில் அதே முழுக்கைச் சட்டையைப் பார்க்கலாம்.

குளிர் நாடுகளில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் இதே வித்தையைத்தான் கைக்கொள்கிறார்கள். வேட்டைக்காரனுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. விடியுமுன் மேடு பள்ளம் ஏறி நடக்க வேண்டும், உடம்பு கொதிக்கும். பிறகு ஒரு மரத்தடியில் இரண்டு மூன்று மணி நேரம் கல்லைப் போல் அசையாமல் காத்திருக்க வேண்டும், உடம்பு ஆறிவிடும். நடக்கும்போதே தடித்த அங்கியைப் போட்டுக்கொண்டவன், உட்காரும்போது உள்ளே நனைந்திருப்பான், அரை மணியில் பல் கிட்டிக்கும். விவரம் தெரிந்தவன், தடித்ததைச் சுருட்டி முதுகில் கட்டிக்கொண்டு, சற்றுக் குளிரக் குளிரவே நடப்பான். போய்ச் சேர்ந்து, மூச்சு ஆறி, வியர்வை அடங்கிய பிறகுதான் எடுத்துப் போடுவான். அமெரிக்காவில் பல மாநிலங்களில் வேட்டைக்காரர்கள் இவற்றுக்கெல்லாம் மேலே பளிச்சென்ற செம்மஞ்சள் நிறச் சட்டை போட வேண்டும் என்பது சட்டம். ஒருவரை ஒருவர் மான் என்று நினைத்துச் சுட்டுவிடக் கூடாதே! (நம் இளவட்டங்களுக்கு ஒரு வார்த்தை: இதைப் படித்துவிட்டு யாரும் வேட்டைக்குக் கிளம்ப வேண்டாம். உரிமம் இல்லாமல் காட்டு விலங்கைத் தொட்டால், 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அபராதமும் உண்டு, சிறையும் உண்டு.)

நம் கேமரன் பயணமும் அந்த வேட்டை போலத்தான். ஏறுவது, வியர்ப்பது, பிறகு உட்காருவது. ஆகவே ஏறும்போது கழற்று, உட்காரும்போது போடு. பெரியவர்கள் இதைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். பிள்ளைகளுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். விளையாட்டு மும்முரத்தில் அதுகளுக்கு வியர்ப்பதும் தெரியாது, குளிர்வதும் தெரியாது. சின்ன உடம்பு பெரிய உடம்பைவிடச் சீக்கிரம் சூட்டை இழந்துவிடும்.

எந்தத் துணி எங்கே? உடம்பை ஒட்டி இருப்பது ஈரத்தைப் பிடித்து வைக்காத துணியாக இருக்க வேண்டும். அதற்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. உங்கள் வீட்டுப் பையனிடம் காற்பந்து ஜெர்சி இரண்டாவது இருக்கும். அது பாலியெஸ்டர், சீக்கிரம் உலரும். அதையே உள்ளே போடச் சொல்லுங்கள். பருத்திப் பனியன் நம் ஊர் வெயிலுக்கு ராஜா, மலையில் அது ஈரத்தைச் சுமந்துகொண்டே இருக்கும். நடுவில் இருப்பது காற்றைப் பிடித்து வைக்க. மெல்லிய கம்பளிச் சட்டையோ, பஞ்சு போன்ற 'பிளீஸ்' சட்டையோ போதும்.

கம்பளிக்கு ஒரு பெருமை உண்டு. சற்று நனைந்தாலும் அது சூட்டை முழுவதும் விட்டுவிடாது. இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் நம் இனத்தார்க்குக் கம்பளி இல்லாமல் காலம் தள்ள முடிந்ததில்லை. அங்குள்ள நுவரெலியா, தானா ராத்தாவைவிட நானூறு மீட்டருக்குமேல் உயரம். மழையில் கொழுந்து பறிக்கும்போது தலையோடு போட்டுக்கொள்ளவும் இரவில் போர்த்திக்கொள்ளவும் அந்த ஒரே கம்பளிதான். இடுப்பைச் சுற்றி, செடியின் பனி நனைக்காமல் இருக்கப் படங்கு கட்டிக்கொள்வார்கள். கேமரன் மலையிலும் 1929-இல் ஜே. ஏ. ரஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய பிறகு, அந்தச் சரிவுகளில் கொழுந்து பறித்தவர்களில் நம்மவர்கள் நிறையப் பேர். நாம் இன்று படம் பிடிக்க நிற்கிற இடத்தில் அவர்கள் முழங்கால்வரை நனைந்து நின்றார்கள்.

மூன்றாவது, காற்றையும் தூறலையும் தடுக்கும் மேல்சட்டை. இது மெல்லியதாக இருந்தாலே போதும். மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் நம் ஆட்கள் ஜாக்கெட்டை முன்பின்னாகத் திருப்பிப் போடுவதைப் பார்த்து வெளிநாட்டுக்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்க என்ன இருக்கிறது? எதிர்க்காற்று நெஞ்சில் நுழைய இடுக்கு இல்லாமல் போகிறது, பின்பக்கம் திறந்திருப்பதால் வியர்வை வெளியேறுகிறது. இதைவிட நல்ல காற்றுத் தடுப்பை எந்தக் கடையும் விற்கவில்லை. அந்த ஜாக்கெட்டையே பையில் வையுங்கள். இரவுச் சந்தையில் கிடைக்கும் மடித்து வைக்கிற பிளாஸ்டிக் மழைச் சட்டை ஆளுக்கு ஒன்று இருந்தால் இன்னும் நல்லது.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் நடுச்சட்டை ஒன்றை மட்டும் வாங்குங்கள். பேரங்காடிக்குப் போகுமுன் பண்டல் கடைகளை ஒரு சுற்றுப் பாருங்கள். குளிர் நாடுகளில் உடுத்திக் கழித்த நல்ல கம்பளிச் சட்டைகள் அங்கே குறைந்த விலைக்குக் கிடைக்கும். பழைய துணி என்று கூச்சப்பட வேண்டாம். உள்பக்கச் சீட்டைப் பாருங்கள். அதில் 'ஊல்' என்று போட்டிருந்தால் அது கம்பளி. வெந்நீரில் போட்டால் சுருங்கிவிடும். பச்சைத் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு அலசி, நிழலில் உலர்த்துங்கள்.

பாட்டிமார்கள் சேலையை விடமாட்டார்கள், விடச் சொல்லவும் வேண்டாம். பாவாடைக்கு உள்ளே பேத்தியின் ஒட்டுக் காற்சட்டை ஒன்று, முழுக்கை ரவிக்கை, காலுறை, தோளில் சால்வை. பிரிஞ்சாங் கோயிலுக்குப் போகிறவர்கள் பட்டுச் சேலை எடுத்துப் போவதும் நல்லதே. பட்டு அழகுக்கு மட்டுமன்று, குளிருக்கும் நல்ல துணி. தாத்தாமார்கள் கைலியோடு காலாற நடக்கப் புறப்பட்டால் தடுத்துவிடுங்கள். தலைக்குக் குல்லாய் போடுங்கள். ஆனால் சூட்டில் பாதி தலை வழியாகத்தான் போகிறது என்று சிலர் சொல்வதை நம்பி, குல்லாய் மட்டும் போட்டு நெஞ்சைத் திறந்து விடாதீர்கள். மூடாத எந்த இடமும் அதனதன் அளவுக்குச் சூட்டை விடும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மாட்டேன், ஆண்கள் கோபித்துக்கொண்டாலும் சரி. மலைக்குப் போனால் "குளிருக்கு இதமா இருக்கும்" என்று போத்தல் எடுத்துப் போகிறார்கள். மது உள்ளே போனதும் தோலுக்கு அடியில் உள்ள இரத்தக் குழாய்கள் விரிகின்றன. உள்ளே இருக்க வேண்டிய சூடு தோலுக்கு வந்து, அங்கிருந்து காற்றில் போகிறது. தோலுக்கு வந்த சூடு இதமாகத் தெரியும். உடம்போ உள்ளுக்குள் ஆறிக்கொண்டிருக்கும். நடுக்கமும் குறைந்துவிடுவதால் ஆபத்து தெரியாது. குடித்துவிட்டு வெளியே நனைந்து கிடப்பவருக்கு 15 பாகையே போதும்.

யாராவது விடாமல் நடுங்கினால், கை தடுமாறினால், பேச்சுக் குழறினால், ஓடி ஆடிய பிள்ளை திடீரென்று சோர்ந்து அமைதியாகிவிட்டால், முதலில் ஈரத் துணியை முழுவதும் கழற்றுங்கள். ஈரத்தின்மேல் போர்வை போர்த்துவதால் பயன் இல்லை. உடம்பைத் துடைத்து, உலர்ந்ததைப் போட்டு, போர்த்தி, நன்றாக விழித்திருந்தால் இனிப்பான சூட்டுத் தேநீர் கொடுங்கள். நடுக்கம் நின்று மயக்கம் வந்தால் குடிக்க எதுவும் கொடுக்காமல் 999-ஐ அழையுங்கள்.

காட்டுப் பாதையில் கால்மணி நேரந்தானே என்று வெறுங்கையோடு நுழைகிறவர்களும் இருக்கிறார்கள். தாய்லாந்துப் பட்டை உலகமெங்கும் விற்றுப் பெயர் வாங்கிய ஜிம் தாம்சன், 1967 மார்ச் 26-ஆம் தேதி பிற்பகல் தானா ராத்தாவில் தங்கியிருந்த பங்களாவிலிருந்து வெளியே போனவர்தான். நூற்றுக்கணக்கானோர் தேடியும் இன்றுவரை தடயம் இல்லை. உள்ளே போகிறவர் முதுகில் அந்த மேல்சட்டையும் ஒரு விளக்கும் இருக்கட்டும், போகுமிடத்தை ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போகட்டும்.

கடைசியாக, மூட்டை கட்டும்போது ஆளுக்கு ஒரு மாற்றுச் சட்டையை வேனின் பின்பக்கப் பெட்டியில் அடைக்காமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ரிங்லெட் தாண்டுவதற்குள் ஒரு பிள்ளையாவது வாந்தி எடுக்கும். காலுறை மட்டும் ஆளுக்கு மூன்று சோடி. மலைக்காற்றில் ஈரப்பசை அதிகம், இரவு துவைத்துப் போட்டது காலையில் காய்ந்திருக்காது.