முதலில் ஒரு முகம்

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் தோட்டத்துப் பலாமரம் வேரோடு சாய்ந்தது. புதுக்கோட்டைப் பக்கம் அன்றைக்கு விழுந்த பலாக்களுக்குக் கணக்கே கிடையாது. விறகுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. ஒன்றரை இன்ச் பலகையாக அறுத்து, இடையிடையே குச்சி வைத்து, கொட்டகை நிழலில் அடுக்கினோம். இன்ச் கனத்துக்கு ஒரு வருஷம் காய வேண்டும் என்பார்கள். நாங்கள் மூன்று வருஷம் தொடவில்லை.

அப்படிக் காத்து வைத்திருந்ததில் முதல் இரண்டு பலகை வீணானது. ஒரு பட்டறையில் கொடுத்தேன். வாங்கியதும் நேராகத் திக்னஸ் பிளேனரில் விட்டார்கள். மஞ்சள் சுருள் பறக்க, பலகை பளபளவென்று வெளியே வந்தது. எங்கே அளந்தாலும் ஒன்றேகால் இன்ச். வீட்டுக்கு வந்து தரையில் போட்டால் ஒரு மூலை தூக்கிக்கொண்டு நின்றது. அதை அழுத்தினால் இன்னொரு மூலை எழும்பியது.

இதற்கான காரணத்தை வேறொரு பட்டறையில் ஒரு பெரியவர்தான் சொன்னார். “தம்பி, இந்த மிஷினு கீழ இருக்குறத மேல எழுதும். கீழ முறுக்குன்னா மேலயும் முறுக்குதான்.”

அவ்வளவுதான் விஷயம். உள்ளே இழுக்கும் ரோலர்கள் பலகையை மேசையோடு அழுத்திப் பிடிக்கின்றன. அந்த அழுத்தத்தில் வளைந்த பலகையும் நிமிர்ந்து படுத்துக்கொள்ளும். பிளேடு மேல்பக்கத்தைச் சீவும். வெளியே வந்து அழுத்தம் விட்டதும் மரம் தன் பழைய வளைவுக்கே திரும்பிவிடும். திக்னஸ் பிளேனர் கனத்தைச் சமமாக்கும், கோணலை எடுக்காது. கோணலை எடுப்பது சர்ஃபேஸ் பிளேனரின் வேலை, அல்லது இழைப்புளி பிடித்த கையின் வேலை. ஒரு முகம் நேரான பிறகு அதைக் கீழே வைத்து விட்டால்தான் மேல்முகமும் நேராகும். சர்ஃபேஸ் பிளேனர் இல்லாத இடத்தில், நேரான தட்டுப் பலகை ஒன்றின் மேல் கோணல் பலகையை வைத்து, ஆடும் மூலைகளுக்கு மெல்லிய ஆப்பு கொடுத்து, தட்டோடு சேர்த்தே விடலாம்.

மீதிப் பலகைகளில் பெரியவர் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் கம்பி பிரஷ்ஷால் மண்ணைத் தேய்த்தெடுத்தார். பிறகு காந்தத்தை மேலே ஓட்டினார். துணிக்கொடி கட்ட நாங்கள் என்றோ அடித்த ஆணி ஒன்று அகப்பட்டது. அது பிளேடில் பட்டிருந்தால் சீவும் ஒவ்வொரு பலகையிலும் அந்த வடு கோடாக விழுந்திருக்கும். அறுவை மில் பலகை ஓர் இடத்தில் தடிப்பு, ஓர் இடத்தில் மெலிவு. மிகத் தடித்த இடத்தை அளந்து, அங்கே மட்டும் பிளேடு உரசும்படி கைச்சக்கரத்தைத் திருப்பினார். அடுத்த ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கால் நூல், அதாவது முக்கால் மில்லிமீட்டர் போல. அகலப் பலகைக்கு அதிலும் குறைவு. சொரசொரப்பான மரம் மேசையில் சிக்காமல் நகர, மேசை ரோலரைக் கொஞ்சம் உயர்த்தியிருந்தார். கடைசி ஓட்டத்துக்கு முன் மேசை மட்டத்துக்கு ஒட்ட இறக்கிவிட்டார். இறக்காமல் விட்டால் மரம் அதிரும், முனைகளில் பள்ளம் விழும். இறக்கினாலும் அந்தப் பள்ளம் முழுதாகப் போகாது. பலகையின் தலைப்பும் கடைசியும் ஒரே ரோலரின் பிடியில் இருக்கும்போது தூக்கிக்கொள்வதால் வருவது அது. அதனால்தான் அவர் இருபுறமும் மூன்று இன்ச் நீளம் கூடுதலாகவே கேட்டார்.

ஒரு பக்கத்தையே சீவித் தள்ளவும் இல்லை. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே உள்ளதைவிட அதிகம். ஒரு பக்கம் மட்டும் திறந்துவிட்டால் மறுபடி வளையும். நேராக்கிய பிறகு இரு முகத்திலும் மாற்றி மாற்றி எடுத்தார். அரை நூல் மிச்சம் வைத்து, பத்து நாள் அடுக்கி வைத்துவிட்டுத்தான் கடைசி ஓட்டம் விட்டார்.

ஒரு விஷயத்தில்தான் எனக்கு அவரோடு சண்டை. முகத்தில் துணிகூடக் கட்டவில்லை. மரத்தூள் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995லேயே அறிவித்திருக்கிறது. அடுத்த முறை முகக்கவசம் வாங்கிக் கொடுத்தேன், போட்டுக்கொண்டார்.

பட்டறைக்குப் பலகை கொண்டுபோகிறவர்களே, “எத்தனை இன்ச் கனம் வேணும்?” என்று கேட்டதும் பதில் சொல்லிவிடாதீர்கள். முதலில் ஒரு முகத்தை நேராக்கித் தரச் சொல்லுங்கள். கூலி கூடினாலும் கொடுங்கள்.