இக்கதையால் அறியும் நீதி யாதெனில்...

நம் பங்குகளின் மறைக்கல்வி வகுப்புகளில் நெடுங்காலமாக ஒரு வழக்கம் நிலைபெற்றுள்ளது. ஆசிரியர் ஊதாரி மைந்தன் உவமையைச் சொல்வார். பிள்ளைகள் இமைகொட்டாமல் கேட்பர். பன்றிகளின் தீவனத்துக்கும் வழியின்றி இளையவன் ஏங்கி நிற்கும் இடத்தில் வகுப்பே அடங்கிப்போகும். தந்தை ஓடிவந்து அவனைக் கட்டித் தழுவும் இடத்தில் ஓரிரு கண்கள் கலங்கும். உடனே ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பி, "இதிலிருந்து நாம் கற்றுக்கொள்வது என்ன?" என்று கேட்பார். ஒரு குழந்தை எழுந்து, "பெற்றோருக்குக் கீழ்ப்படிய வேண்டும்" என்று ஒப்பிக்கும். கைதட்டல் எழும். கதை முடிந்தது, முடிந்தது என்பதைவிட முடிக்கப்பட்டது என்பதே பொருந்தும்.

இவ்வழக்கத்தைக் கண்டிக்கவே இதனை எழுதுகின்றோம். ஞாயிறுதோறும் ஊதியம் ஏதுமின்றி வந்து நிற்கும் மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு நாம் கடன்பட்டவர்கள். அவர்தம் தொண்டைக் குறைகூறுதல் நம் நோக்கமன்று. ஆனால் அவர்களுக்கும், அவர்களுக்குப் பாடநூல் எழுதித் தருவோருக்கும், இல்லங்களில் பெற்றோராய் இருக்கும் நம் அனைவருக்கும் பொதுவான நோய் ஒன்று உண்டு. கதையும் கவிதையும் ஒரு கருத்தை ஏற்றிவரும் வண்டி. சரக்கை இறக்கிய பின் வண்டியை அனுப்பிவிடலாம் என்னும் எண்ணமே அந்நோய்.

கதை படிப்பதே வீண் என்பாரும் உளர். அவர்களோடு நமக்கு நீண்ட வழக்கு இல்லை. மதிப்பெண் குறைந்துவிடும் என்று அஞ்சி மகளின் கையிலிருந்து கதைப் புத்தகத்தைப் பிடுங்கும் தந்தை, அந்நூலுக்கு ஆளை இழுக்கும் ஆற்றல் உண்டு என்பதையேனும் ஒப்புக்கொள்கிறார். நம்மைக் கவலையுறச் செய்வோர் வேறு. கதை நல்லதுதான், நீதி இருந்தால். கவிதையும் வேண்டியதுதான், கருத்து இருந்தால் என்பவர்கள் இவர்கள். கசப்பு மருந்துக்குத் தேன் குழைப்பதே இலக்கியத்தின் வேலை என்பது இவர்களது கொள்கை. இவர்கள் கையில் தேனும் கெடுகிறது, மருந்தும் கெடுகிறது.

ஆண்டவர் கதை சொன்ன முறை எது? லூக்கா நற்செய்தியின் 15ஆம் பிரிவை எடுத்து வாசிப்போம். மூத்த மகன் வயலிலிருந்து திரும்புகிறான். ஆடலும் பாடலும் காதில் விழுகின்றன. சினமுற்று உள்ளே போக மறுக்கிறான். தந்தை வெளியே வந்து அவனை வேண்டுகிறார். அதன்பின்? அவன் உள்ளே போனானா? ஆண்டவர் சொல்லவில்லை. கதை வீட்டு வாசலிலேயே நின்றுவிடுகிறது. அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுள் முணுமுணுத்தவர்கள் பரிசேயரும் மறைநூல் அறிஞரும் என்பதை அப்பிரிவின் தொடக்கத்திலேயே நற்செய்தியாளர் குறித்துவிடுகிறார். வாசலில் நிற்பவர்கள் அவர்களே. உள்ளே போவதா, வேண்டாமா என்னும் கதையின் கடைசி வரியை அவர்களே எழுதட்டும் என்று ஆண்டவர் விட்டுவிட்டார். நம் வகுப்பறைகளிலோ 'கீழ்ப்படிதல்' என்னும் பாடம் கிடைத்ததும் மூத்தவன் மறைந்தே போகிறான். இத்தனைக்கும் அந்த வீட்டில் கீழ்ப்படிதலில் ஒரு குறையும் வைக்காதவன் அவன் ஒருவன்தான்! கரும்பலகையில் எழுதிய நீதி, கதைக்கே நேர் எதிராக நிற்கிறது என்பதை எவரும் கவனிப்பதில்லை.

விதைப்பவர் உவமைக்கு ஆண்டவரே விளக்கம் தந்தாரே என்று சிலர் மடக்குவர். தந்தார், களைகள் உவமைக்கும் தந்தார். யாருக்குத் தந்தார் என்பதையும் பார்க்க வேண்டும். கூட்டம் கலைந்த பிறகு, தனியே வந்து கேட்ட சீடருக்கே தந்தார். கேள்வி கேட்பவரிடம் பிறந்தது. பதில் பிறகு வந்தது. கேட்காதவர் வாயில் பதிலைத் திணித்ததாக நற்செய்தியில் ஓரிடத்திலும் நாம் காணவில்லை. ஏனைய உவமைகளுள் பல விளக்கமின்றியே விடப்பட்டுள்ளன. முன்கூட்டியே திட்டமிட்டுத் தன் முதலாளியை ஏமாற்றிய வீட்டுப் பொறுப்பாளனின் கதைக்கு இரண்டாயிரம் ஆண்டுகளாக உரையாசிரியர்கள் மண்டையை உடைத்துக்கொள்கின்றனர். அத்துணை எளிதில் தீராத கதையாக அதை விட்டுச் சென்றவர் யார்?

இன்னொரு சாரார் உணர்ச்சியைக் கண்டு அஞ்சுகின்றனர். கதையில் கண்ணீர் விடுவதும் கவிதையில் உருகுவதும் மேலோட்டமானவை, விசுவாசம் என்பது அறிவின் இசைவு என்பர். இவர்கள் சாமுவேலின் இரண்டாம் நூல் 12ஆம் பிரிவை மறந்தனரோ? உரியாவின் மனைவியைக் கவர்ந்து, உரியாவையும் போர்முனையில் மடியச் செய்த தாவீதுக்குக் கட்டளைகள் தெரியாதவை அல்ல. நாத்தான் அவற்றை எடுத்துரைத்திருந்தால் மன்னனிடம் ஆயத்தமான விடை ஏதேனும் இருந்திருக்கும். இறைவாக்கினரோ ஒரு கதை சொன்னார். ஏழை ஒருவனிடம் இருந்த ஒரே ஓர் ஆட்டுக்குட்டி. அது அவன் உணவில் பங்குண்டு, அவன் மடியில் உறங்கி, மகள்போல் வளர்ந்தது. செல்வன் ஒருவன் தன் விருந்தாளிக்காக அதைப் பறித்துக்கொண்டான். தாவீது கொதித்தெழுந்தான். அந்தக் கொதிப்பில் தீர்ப்பையும் அவனே கூறிவிட்டான். அதன் பின்னரே, அச்செல்வன் அவன்தான் என்று நாத்தான் சுட்டிக்காட்டினார். மனந்திரும்புதலுக்கு முன்பு சினம் வந்தது. சினத்துக்கு முன்பு ஓர் ஆட்டுக்குட்டியின்மீது இரக்கம் வந்தது. இந்த வரிசையை மாற்றித் தாவீதை மனந்திருப்பிக் காட்ட முடியுமா என்று உணர்ச்சியை இகழ்வோரைக் கேட்கின்றோம்.

திருப்பாடல்கள் நூற்றைம்பதும் கவிதைகளே. அவற்றுள் 88ஆம் பாடல் ஆறுதலின்றி இருளிலேயே முடிகிறது. திருஅவை அதைத் திருத்தவும் இல்லை, இறுதியில் ஒரு நம்பிக்கை வரியை ஒட்டவும் இல்லை. திருப்புகழ்மாலையில் வெள்ளிக்கிழமை இரவுச் செபத்துக்கு அப்பாடலையே வைத்து, உறங்கப் போகுமுன் செபிக்கச் சொல்கிறது.

வாசிப்பவருடைய உள்ளத்தில் கதை என்ன செய்யும் என்பதற்குத் தூய இஞ்ஞாசியாரின் வரலாற்றைவிடத் தெளிவான சான்றை நாம் அறியோம். 1521ஆம் ஆண்டு பம்பலோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு அவர் காலைச் சிதைத்தது. லொயோலா இல்லத்தில் படுக்கையில் கிடந்த அவர், பொழுதுபோக்குக்காக வீரசாகசக் கதைகளைக் கேட்டார். அவ்வீட்டில் அவை இல்லை. கிடைத்தவை சாக்சனி நாட்டு லுடோல்ப் எழுதிய கிறிஸ்துவின் வாழ்க்கையும், புனிதர் வரலாற்று நூலொன்றும் மட்டுமே. வாசித்தார், இடையிடையே நூலை மூடிவைத்துவிட்டுப் பகற்கனவு கண்டார். ஒரு சீமாட்டிக்காகத் தாம் ஆற்றப்போகும் அருஞ்செயல்களை மணிக்கணக்கில் கற்பனை செய்வார். பிறகு பிரான்சிஸ் செய்ததையும் தோமினிக் செய்ததையும் தாமும் செய்தால் என்ன என்று கற்பனை செய்வார. இரண்டும் இன்பம் தந்தன. முதற்கனவு கலைந்ததும் உள்ளம் வறண்டது; இரண்டாவது கலைந்த பின்னும் மகிழ்ச்சி எஞ்சி நின்றது. இந்த வேறுபாட்டை ஒருநாள் அவர் கவனித்தார். ஆவிகளைத் தேர்ந்து தெளிதல் என்று இன்று நாம் பெரிதாகப் பேசும் ஞானத்தின் விதை அங்கேதான் விழுந்தது.

அவருடைய படுக்கையருகே எவரேனும் அமர்ந்து, அதிகாரத்துக்கு அதிகாரம் நீதியைக் கேட்டுக்கொண்டிருந்தால் அக்கனவுகளுக்கு நேரம் எங்கே இருந்திருக்கும்? மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். அவர் வாசித்ததோடு நிற்கவில்லை, எழுதவும் தொடங்கினார். தமக்குப் பிடித்த பகுதிகளை ஏறக்குறைய முந்நூறு பக்க ஏட்டில் படியெடுத்தார்; கிறிஸ்துவின் சொற்களைச் சிவப்பு மையிலும் அன்னை மரியின் சொற்களை நீல மையிலும் எழுதினார். பின்னர் அவர் வகுத்த ஆன்மிகப் பயிற்சிகளில் கிறிஸ்து பிறப்பைத் தியானிக்கும் இடத்துக்கு வருவோம். நாசரேத்திலிருந்து பெத்லகேம் செல்லும் வழி நீண்டதா, அகன்றதா, சமவெளியா, மேடுபள்ளமா, குகை பெரிதா, சிறிதா என்று மனக்கண்ணால் பார்க்கச் சொல்கிறார். மரியாவோடும் சூசையோடும் ஒரு பணிப்பெண்ணையும் நடக்க வைக்கிறார். நற்செய்தியில் அப்பெண் இல்லை! தியானிப்பவரையும் ஓர் எளிய பணியாளராக அக்குகைக்குள் நிறுத்திவிடுகிறார். கற்பனை என்றாலே பொய் என்று முகம் சுளிக்கும் நம் பெரியவர்கள் இதற்கு என்ன விடை கூறுவர்?

இப்பயிற்சியில் பழகிய இயேசு சபைத் துறவி ஒருவர் இத்தாலியின் காஸ்திலியோனேயிலிருந்து தமிழகம் வந்தார். அவரே வீரமாமுனிவர். 1726இல் அவர் நிறைவு செய்த தேம்பாவணி, மூன்று காண்டம், 36 படலம், 3,615 பாடல் கொண்டது. நாட்டுப் படலத்தில் அவர் காட்டும் யூதேயாவில் மழை பொழிகிறது, வெள்ளம் புரண்டோடுகிறது, வயல் விளைகிறது. பாலத்தீனத்தின் பாறையும் முள்ளும் அவருக்குத் தெரியாதவை அல்ல. கொள்ளிடக் கரையை அடுத்த ஏலாக்குறிச்சி மக்களோடு வாழ்ந்த அவர், சூசையப்பரை 'வளன்' ஆக்கி நம் வயல்வெளிக்கு அழைத்துவந்தார். வழியைப் பார், குகையைப் பார் என்று இஞ்ஞாசியார் சொன்னதைத் தமிழ்க் கண்கொண்டு பார்த்ததன் விளைவு அது என்று கூறுவதில் தவறில்லை. நற்செய்திகளில் ஒரு சொல்லும் பேசாத சூசையப்பரைக் காப்பியத் தலைவராக்குவதற்கு எத்துணைத் துணிவு வேண்டும்!

அதே முனிவரின் பரமார்த்த குருவின் கதையைப் பார்ப்போம். ஆறு உறங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் சோதிக்கும் சீடர். ஆற்றைக் கடந்ததும் தன்னை விட்டுவிட்டு மற்றவரை மட்டும் எண்ணி ஓர் ஆள் குறைகிறதே என்று அழும் சீடர். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பி வாங்கும் சீடர். துறவி ஒருவர், குருவையும் சீடரையும் வைத்து நகைக்கிறார்! 1822இல் அது இலண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சேறியது. தமிழ்க் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாக அதைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்துள்ளனர். அச்சிரிப்பே போதும் என்று முனிவர் கருதியிருக்கக் கூடாதா?

தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் வெளிவந்ததும் ஒரு கத்தோலிக்கப் பொதுநிலையினரின் கையிலிருந்துதான். நீதிநூல் பாடிய வேதநாயகர், நீதிநூலோடு நிறைவடையவில்லை. ஆணுடை பூண்டு அரசாளும் ஞானாம்பாளைப் படைத்த பிறகே அவர் பேனா ஓய்ந்தது. இம்மரபில் வந்த நாம் இன்று எதைச் செய்துகொண்டிருக்கின்றோம்? பங்குத் திருவிழா மலரைப் புரட்டினால் 'அன்பு', 'மன்னிப்பு', 'மது ஒழிப்பு' என்று தலைப்புக் கொடுத்து வாங்கிய கவிதைகள் வரிசையில் நிற்கின்றன. மறையுரையின் சுருக்கத்தை மடக்கி மடக்கி எழுதினால் கவிதை என்று பரிசும் தருகின்றோம். மது ஒழிய வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. குடிகாரத் தந்தை வீடு திரும்பும் இரவில், கதவுக்குப் பின் நிற்கும் சிறுமியின் காதுக்கு என்ன ஒலி கேட்கிறது என்பதை எழுதக்கூடிய பிள்ளை நம் பங்கிலேயே இருப்பாள். போட்டித் தலைப்பு அவளை எழுதவிடாது.

தவறான கதைகள் ஆன்மாவைக் கெடுக்குமே என்னும் அச்சத்தையும் நாம் அறிவோம். திருஅவையும் அவ்வச்சத்தால் தடைநூல் பட்டியல் ஒன்றை வைத்திருந்தது; 1966இல் அதைக் கைவிட்டது. விக்தோர் ஹியூகோவின் புகழ்பெற்ற நாவல் 1864இல் அப்பட்டியலில் சேர்ந்தது. சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' எனத் தமிழில் தந்த அதே நூல்தான். வெள்ளிப் பாத்திரங்களைத் திருடியவனுக்கு வெள்ளி விளக்குத் தண்டுகளையும் சேர்த்துக் கொடுத்தனுப்பிய ஆயரின் கதை அதில் வருவதே. அதை இன்று எத்தனை மறையுரைகளில் கேட்டுவிட்டோம்!

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2024 ஜூலை 17ஆம் நாளிட்டு, இலக்கிய வாசிப்பைக் குறித்து ஒரு மடல் வரைந்தார். குருமாணவரின் உருவாக்கத்துக்கென நினைத்துத் தொடங்கியது, எல்லாக் கிறிஸ்தவருக்கும் உரியதென அவரே விரித்துக்கொண்டார். 1964-65ஆம் ஆண்டுகளில் அர்ஜென்டினாவின் சாந்தா பே நகரப் பள்ளியில் இலக்கிய ஆசிரியராயிருந்த அனுபவத்தையும் அதில் நினைவுகூர்கிறார். பாடத்திட்டத்தில் பழைய காப்பியமாகிய எல் சித் இருந்தது. மாணவர்களோ கார்சியா லோர்காவைக் கேட்டனர். காப்பியத்தை வீட்டில் படியுங்கள், வகுப்பில் உங்களுக்குப் பிடித்தவர்களைப் பேசுவோம் என்று அவர் முடிவு செய்தாராம். பிள்ளை விரும்பியதிலிருந்து தொடங்கினார், பாடத்திட்டத்தையும் விடவில்லை. நம் மறைமாவட்டங்களில் இம்மடல் எத்தனை பங்குகளில் வாசிக்கப்பட்டது என்று கேட்கவும் தயக்கமாக உள்ளது.

வரும் கோடை விடுமுறையில் நடக்கும் விவிலியப் பள்ளிகளுக்கு ஒன்றை முன்மொழிகின்றோம். ஊதாரி மைந்தன் உவமையை ஆசிரியர் நன்றாக வாசித்துக் காட்டட்டும், வாசித்தபின் பேசாதிருக்கட்டும். பிறகு, அன்றிரவு அண்ணன் எங்கே உறங்கினான் என்பதை எழுதிவரச் சொல்லட்டும். எழுதி வருவனவற்றுள் சில நமக்கு உவப்பாயிரா. அவற்றைத் திருத்தாமல் உரக்கப் படிக்க விடவேண்டும். பல பங்குகளில் நூலகம் என்ற பெயரில் ஒரு கண்ணாடி அலமாரியும் இருக்கிறது. தேம்பாவணியும் அதற்குள் இருக்கக்கூடும். அதன் சாவி யாரிடம் உள்ளது என்று வரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பங்கு அலுவலகத்தில் கேட்போமாக.