'தீங்கற்ற' கட்டியும் 'அடைப்பு' மருத்துவமும்

கல்லீரல் அடினோமாவை மருத்துவத் தமிழ் 'தீங்கற்ற கட்டி' என்கிறது. புற்று அன்று என்பதே கருத்து. ஆனால் அக்கட்டி, குறிப்பாக 5 சென்டிமீட்டரைக் கடந்தது, வெடித்து வயிற்றறையில் குருதி பெருகினால் உயிரே போகலாம். 'புற்றல்லாத கட்டி' என்பதே நேர்மையான வழக்கு.

மருத்துவமுறையின் பெயர் இன்னும் சிக்கலானது. தொடை அல்லது மணிக்கட்டுத் தமனி வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, கட்டிக்குக் குருதி தரும் கிளையை நுண்துகள்களால் மூடுகிறார்கள், வயிற்றைத் திறப்பதில்லை. கல்லீரலுக்கான குருதியில் ஏறக்குறைய முக்கால் பங்கு போர்ட்டல் சிரையினூடே வருவதால் உறுப்பு பிழைத்துக்கொள்கிறது. தமனியையே பெரிதும் நம்பியிருக்கும் கட்டி பட்டினி கிடக்கிறது. (இவ்வளவு அழகான உத்திக்கு இப்படியொரு பெயரா?) 'எம்போலைசேஷன்' என்பதைத் 'தமனி அடைப்புச் சிகிச்சை' என்று பெயர்த்தால், மாரடைப்பைக் கேட்டுப் பழகிய செவிக்கு அது நோயாகவே ஒலிக்கும்.

திருவனந்தபுரத்து மருத்துவமனைகளை நாடிக் குமரி மாவட்டத் தமிழர் பலர் வருகின்றனர். 1956இல் எல்லை மாறியது. நோயாளியின் வழி மாறவில்லை. ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடும் அவர்களுக்குக் 'குருதி கசியும் குழாயை உள்ளிருந்தே மூடுதல்' என்று எழுதுவதே தகும். குருதி நின்றபின், கட்டியை அறுத்தெடுக்க வேண்டுமா என்பதைப் பின்னர் நிதானமாக முடிவுசெய்யலாம் என்பதையும் அதே தாளில் சேர்க்கவேண்டும்.