இரண்டு தெனாரியங்களுக்குப் பின்

நல்ல சமாரியர் உவமையை நாம் அடிக்கடி கேட்கிறோம். காயங்களில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்ததையும், தம் சொந்த விலங்கின்மேல் ஏற்றிச் சென்றதையும் மறையுரைகள் விரித்துரைக்கின்றன. மறுநாள் காலையில் நிகழ்ந்ததை மட்டும் அவை விரைந்து கடந்துவிடுகின்றன. சாவடிப் பொறுப்பாளரிடம் இரண்டு தெனாரியத்தைக் கொடுத்த சமாரியர், அதற்கு மேல் செலவானால் திரும்பி வருகையில் தருவதாகவும் சொல்லிவிட்டுப் போகிறார். முதல் நாள் இரக்கத்தின் நாள். மறுநாள் கணக்கின் நாள். நம் பங்குகளில் தொடங்கப்பெறும் நலவாழ்வுப் பணிகளுள் பல முதல் நாளோடு முடிந்துபோகின்றன என்பதே நம் குற்றச்சாட்டு.

மயிலையிலும் அடையாற்றிலும் தியாகராய நகரிலும் மருத்துவ முகாம்களுக்குக் குறைவில்லை. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பந்தலின் கீழ் மேசைகள் வரிசையாகப் போடப்படுகின்றன. இரத்த அழுத்தம் பார்க்கப்படுகிறது, சர்க்கரை அளக்கப்படுகிறது, பத்து நாளுக்கு மாத்திரை வழங்கப்படுகிறது. பொன்னாடை, நன்றியுரை, குழுப்படம், அத்தோடு சரி. பதினோராம் நாள் அந்த மீனவத் தாய் என்ன செய்வாள் என்று கேட்பாரில்லை. இரத்த அழுத்தம் முகாம் நடைபெறும் ஞாயிறுகளில் மட்டும் வந்து போகும் நோயன்று. அது வாழ்நாள் முழுவதும் உடனிருப்பது. அதனை எதிர்கொள்ளும் பணியும் அவ்வாறே உடனிருக்க வேண்டுமல்லவா?

தாராள மனம் நம் மக்களிடம் இல்லையென்று எவரும் சொல்ல முடியாது. 2004 டிசம்பர் 26 ஞாயிறன்று ஆழிப்பேரலை நொச்சிக்குப்பத்தையும் சீனிவாசபுரத்தையும் தாக்கியபோது அரிசியும் துணியும் மருந்தும் வந்து குவிந்தன. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு ஓடியபோதும், 2020இல் கொரோனா வீடுகளைப் பூட்டிவைத்தபோதும் இளைஞர்கள் உயிரைப் பொருட்படுத்தாது உதவினார்கள். பேரிடர் வந்தால் கொடுக்கிறோம். பேரிடர் இல்லாத நாளில், காசநோய்க்கு ஆறு மாதம் மருந்து உண்ணவேண்டியவர் மூன்றாம் மாதத்தில் நிறுத்திவிட்டாரா என்று வீடு தேடிச் சென்று பார்க்கும் ஒரு செவிலியின் மாதச் சம்பளத்துக்குக் கொடுப்பார் இல்லை. ஆழிப்பேரலைக்குக் கண்ணீர் உண்டு. சம்பளப் பட்டியலுக்குக் கண்ணீர் வருவதில்லை.

இந்நோய் புதியதன்று. 1617 ஆகஸ்டில் பிரான்சு நாட்டுச் சாத்தியோன் என்னும் சிற்றூரின் பங்குத்தந்தையாயிருந்த புனித வின்சென்ட் தே பவுல், நோயுற்று ஆதரவின்றிக் கிடந்த ஒரு குடும்பத்தைப் பற்றித் திருப்பலியில் எடுத்துரைத்தார். அன்று பிற்பகலே ஊர்மக்கள் உணவுப் பொருள்களுடன் திரண்டு சென்றார்கள். அவரும் சென்று பார்த்தார். மகிழ்ச்சியைவிடக் கவலையே அவருக்கு மிஞ்சியது: இன்று குவிந்தது நாளை கெட்டுப்போகும், நாளை மறுநாள் மீண்டும் பட்டினி. ஊர்ப் பெண்களை அழைத்து, யார் எந்த நாளில் சமைப்பது, பணத்தை யார் வைத்திருப்பது என்றெல்லாம் விதிகள் வகுத்தார். பிறரன்புச் சபை அவ்வாறு பிறந்தது. வின்சென்ட் தே பவுல் சபையின் உறுப்பினர்களாயிருக்கும் நம் அன்பர்கள் இந்நிகழ்ச்சியை அறிவார்கள். அதிலிருக்கும் அட்டவணையைத்தான் நம் பங்குப் பேரவைகள் மறந்துவிடுகின்றன.

நெடுங்காலம் இந்தக் குறையை மறைத்தது அயல்நாட்டு உதவி. ஜெர்மன் ஆயர்கள் 1958இல் தொடங்கிய மிசேரியோர் அமைப்பும் அதுபோன்ற பிறவும் செய்த நன்மை பெரிது. நன்றி மறப்பது பண்பன்று. ஆயினும் தவக்காலத்தில் எங்கோ ஒரு ஜெர்மன் மூதாட்டி ஒறுத்துச் சேர்த்த காசில் மயிலாப்பூர்க் குழந்தையின் இருமலுக்கு மருந்து வாங்கப்பட, அதே தவக்காலத்தில் அக்குழந்தையின் தெருவைக் கடந்தே ஆலயம் செல்லும் வசதியுள்ள குடும்பம் நிம்மதியாய் இருந்ததே, அது முறையா? திட்டம் என்றால் மூன்றாண்டு. மூன்றாண்டு முடிந்ததும் வேறொரு திட்டம், வேறொரு பெயர். முந்தைய திட்டத்தில் பயிற்சி பெற்ற பெண்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். பதிவேடுகள் பங்கு அலுவலக அலமாரியில் உறங்கும்.

அயல்நாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு 2020இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைத்தது. ஓர் அமைப்பு பெற்ற பணத்தை மற்றோர் அமைப்புக்கு மாற்றித் தருவதையும் அது தடைசெய்தது. பெரிய அமைப்பு பெற்றுச் சிறிய அமைப்புக்குப் பகிர்ந்தளித்த வழி அடைபட்டது. இச்சட்டத்தின் கடுமையைக் கண்டிக்க வேண்டும், கண்டிக்கிறோம். ஆனால் எல்லாப் பழியையும் தில்லியின்மேல் போட்டுவிட்டு ஓய்ந்திருப்பதற்கு நமக்கு உரிமையில்லை. நிறுவனங்கள் இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் விதித்தது. உடனே சிலர் அந்தத் திசையில் விண்ணப்பங்களோடு ஓடினார்கள். அங்கும் கருவி வாங்குவது எளிது, ஊர்தி வாங்குவது எளிது. ஊர்தியின்மேல் பெயர் எழுதலாம். செவிலியின்மேல் பெயர் எழுத முடியுமா?

வழி தெரியாமலா இருக்கிறோம்? அடையாற்றை அடுத்த தரமணியில் வி.எச்.எஸ். என்று நாம் அழைக்கும் தன்னார்வ நலப்பணி நிறுவனம் இருக்கிறது. சென்னையில் மருத்துவப் பேராசிரியராய் விளங்கிய டாக்டர் கே.எஸ். சஞ்சீவி 1958இல் நிறுவியது அது. அவருடைய எண்ணம் எளிமையானது, அக்காலத்தில் துணிச்சலானதும்கூட. நோய் வந்தபின் பணம் தேடுவதைவிட, நலமாயிருக்கும் நாளிலேயே குடும்பம் முழுவதும் ஆண்டுச் சந்தா கட்டி உறுப்பினராகட்டும். சந்தா வருவாய்க்கேற்ப அமையட்டும். மிக ஏழைக்குப் பெயரளவு, உள்ளவர்க்கு அதிகம். பின்னர்ப் பரங்கிமலை வட்டாரச் சிற்றூர்களில் சிறு நலவாழ்வு மையங்களை அமைத்து, ஏறத்தாழ ஐயாயிரம் மக்களுக்கு ஒரு மையம் என்ற அளவில், பயிற்சி பெற்ற ஆணும் பெண்ணுமான களப்பணியாளர்களை வீடுதோறும் அனுப்பினார். செலவில் அரசும் பங்கேற்றது. ஏழை வாங்குபவராக மட்டும் நிற்கவில்லை, அவரும் செலுத்தினார். செலுத்துபவர் கேள்வி கேட்பார். இலவசமாய்ப் பெறுபவர் கைகூப்பிவிட்டுப் போவார். இந்த வேறுபாட்டைச் சஞ்சீவி உணர்ந்திருந்தார். திருமுழுக்கின் மாண்பைப் பேசும் நாம் அதனை இன்னும் முன்னதாகவே உணர்ந்திருக்க வேண்டும்.

இம்முறையிலும் இடர்ப்பாடுகள் உண்டு. நலமாயிருப்பவர் மறு ஆண்டு சந்தாவைப் புதுப்பிக்க மாட்டார். நோய் வந்தவரே ஓடிவந்து சேர்வார். நோயாளிகள் மட்டுமே சேர்ந்த நிதி விரைவில் வற்றும். சந்தா ஒன்றே முழுச் செலவையும் தாங்காது, வி.எச்.எஸ்.க்கும் அரசு மானியமும் நன்கொடையும் தேவைப்பட்டன. ஆனால் புதுப்பிக்க மறப்பவரை நினைவூட்ட அந்த மருத்துவமனைக்கு இல்லாத ஒன்று நம்மிடம் உண்டு. அன்பியம் இருக்கிறது. மாதந்தோறும் வீட்டில் கூடி இறைவார்த்தையைப் பகிர்ந்துகொள்பவர்கள் சந்தா அட்டையையும் பார்க்கலாம். விவிலியம் அதனால் மாசுபடாது. வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்கேற்ப எடுத்துவைக்குமாறு புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதியது எருசலேம் ஏழைகளுக்கான காணிக்கையைப் பற்றியே. இரண்டாம் நூற்றாண்டில் ஞாயிறு வழிபாட்டை விவரித்த புனித யுஸ்தின், அங்குச் சேரும் காணிக்கை நோயுற்றோர்க்கும் கைம்பெண்களுக்கும் சென்றதைக் குறிப்பிடுகிறார்.

கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். ஒரு பங்கில் ஆயிரம் குடும்பங்கள் என்று கொள்க. சிலர் 20 ரூபாய், சிலர் 200 ரூபாய் தர, சராசரி மாதம் 50 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 6 இலட்சம். மாதம் 20,000 பெறும் ஒரு செவிலி, 8,000 வீதம் பெறும் இரு களப்பணியாளர்கள்: ஆண்டுக்கு 4,32,000. மீதி 1,68,000 மருந்துக்கும் பரிசோதனைக்கும். இதில் அயல்நாட்டுக் காசு ஒன்றுகூட இல்லை. கொடியேற்றம் முதல் தேர்பவனி வரை ஒலிபெருக்கிக்கும் மின்விளக்கு அலங்காரத்துக்கும் வாணவேடிக்கைக்கும் ஆகும் தொகையைத் தம் பங்கின் கணக்கேட்டில் பார்த்து, இந்த 6 இலட்சத்தின் அருகில் வைத்து வாசகர்களே ஒப்பிடலாம். வாணவேடிக்கைக்கு நன்கொடை தருவோர் வரிசையில் நிற்கிறார்கள் என்பதையும் நினைவில் கொள்க.

"அரசே செய்கிறதே, நமக்கேன்?" என்பார்கள். 2009இல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012இல் வந்த முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமும் பெருநன்மை செய்தன. ஆனால் அவை பெரும்பாலும் மருத்துவமனைக் கட்டிலை அடைந்தபின் உதவுபவை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. அதனை மனமாரப் பாராட்ட வேண்டும். அரசு நன்றாய்ச் செய்வதை நாமும் செய்து போட்டியிட வேண்டியதில்லை. ஆனால் மாத்திரையை வாங்கிவைத்தும் உண்ணாத முதியவரிடம் காரணம் கேட்பவர் யார்? குடிநோயில் விழுந்த கணவனை மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் துணை தேடும் மனைவிக்கு யார்? ஆற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட குடும்பத்தின் சிகிச்சைச் சீட்டு உடன் சென்றதா என்று பார்ப்பவர் யார்? இவை ஊரோடு உறவு கொண்டவரின் வேலை.

"ஏழைகளிடம் காசு கேட்பதா?" என்பது இன்னொரு மறுப்பு. இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஏழைகள் அல்லர் என்பது கவனிக்கத்தக்கது. கூடலூர் மலையில் ஆதிவாசி மக்கள் தம் சங்கத்தின் வழியாக 1992 முதலே மருத்துவக் காப்பீட்டுக்குப் பங்குத்தொகை செலுத்தினார்கள். மேற்கு மாம்பலத்தில் எம்.சி. சுப்பிரமணியம் தொடங்கிய பொது நல மையம் இலவசம் என்ற பெயரால் அன்று, குறைந்த கட்டணத்தால் நடுத்தர மக்களின் நம்பிக்கையைப் பெற்றது. மயிலை இராமகிருஷ்ண மடத்து மருந்தகம் பல பத்தாண்டுகளாக ஓய்வின்றி நோயாளிகளைப் பார்த்து வருகிறது. அயலார் தொடர்ந்து செய்வதைப் புகழ்வதற்கு நாம் வெட்கப்பட வேண்டியதில்லை.

இறைமக்கள் வழிபாட்டுக்கு மட்டுமன்றி, அன்புப் பணிகளுக்கும் உதவக் கடமைப்பட்டவர்கள் என்று திருச்சபைச் சட்டம் 222 கூறுகிறது. ஆகவே பொதுநிலையினர் பங்குப் பேரவையில் மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்கலாம். நம் பங்கில் நலவாழ்வுப் பணிக்கென நிலையான வரவு எது? அதன் கணக்கை ஆண்டுதோறும் ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோமா? பங்குத்தந்தை மாறினாலும் பணி மாறாதிருக்க, அதனைப் பொறுப்பேற்று நடத்தும் பொதுநிலையினர் குழு எது? மூன்றாம் கேள்வி பங்குத்தந்தையர்க்குச் சற்றுக் கசக்கும். கசந்தாலும் அதனை முதலில் கேட்பதே நலம். திருவிழாக் கணக்கு முடிவாவதற்கு முந்தைய கூட்டமே அதற்கு ஏற்ற கூட்டம்.