வில்லன் வேஷமும் வெளியேறும் வழியும்

பாரதக் கூத்தில் துகில் உரியும் இரவன்று, பல ஊர்களில் ஆட்டத்தை நிறுத்திக் கற்பூரம் ஏற்றுவார்கள். துச்சாதன வேஷம் கட்டியவர் பாஞ்சாலி முன் கும்பிட்டு மன்னிப்புக் கேட்ட பிறகுதான் புடவையில் கை வைப்பார். அவருக்கு மருள் வந்தால் தாங்கிப் பிடிக்க ஆள் நிற்கும். இதை வெறும் பக்தி என்று ஒதுக்கிவிட முடியாது. செய்யப்போகிற கொடுமையின் பாரத்தை அந்த ஒரு மனிதர் தலையில் மட்டும் இறக்கிவிடாமல் ஊரே பங்குபோட்டுக்கொள்கிற ஏற்பாடு அது.

நவீன நாடகக்காரர்களாகிய நம்மிடம் இதற்கு ஈடாக என்ன இருக்கிறது? லாக்கப்பில் அடிக்கும் போலீஸ்காரனாக, சாதிவெறி பிடித்த அண்ணனாக ஓர் இளைஞரை வாரக்கணக்கில் கத்தவிடுகிறோம். ஒத்திகை முடிந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு அவர் கடைசி பஸ்ஸுக்கு ஓடுகிறார். மனம் அது நடிப்பென்று அறியும். இறுகிய தாடைக்கும் படபடக்கும் நெஞ்சுக்கும் அது தெரியாது. தூக்கம் கெடுகிறது, தொண்டை கட்டுகிறது, வீட்டில் எரிந்து விழுகிறார்.

சிலியைச் சேர்ந்த உளவியலாளர் சுசானா பிளாக், மூச்சு, முகம், உடல் தோரணை ஆகியவற்றின் வழியே உணர்ச்சிக்குள் நுழையும் பயிற்சியை வகுத்தபோது, வெளியேறும் பயிற்சியையும் சேர்த்தே வகுத்தார்: சீரான நீண்ட மூச்சு, முகத்தைத் தேய்த்துவிடுதல், நிற்கும் நிலையை மாற்றுதல். நம் பட்டறைகளில் நுழைவதற்கே நாள் போதவில்லை.

திரைப்பட நடிகர் ஹீத் லெட்ஜர் 2008 ஜனவரியில் இறந்ததற்கு அவர் ஏற்ற ஜோக்கர் என்ற வில்லன் வேடமே காரணம் என்று இன்றும் வகுப்புகளில் சொல்கிறார்கள். மருந்துகள் சேர்ந்ததால் தற்செயலாக நேர்ந்த மரணம் என்பதே மருத்துவ ஆய்வின் முடிவு. அந்தக் கதையைக் கலைக்கான தியாகமாக மாணவர்களிடம் சொல்வதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். வதைபடுவதுதான் நல்ல நடிப்பு என்று நம்பிவிடுகிறார்கள்.

இயக்குநர்களிடம் நாம் கேட்பது இதுதான். வன்முறைக் காட்சியை ஒரே நாளில் திரும்பத் திரும்ப முழு வேகத்தில் ஓட்டாதீர்கள். அடியையும் பிடியையும் நடன அடவுபோல எண்ணி அமையுங்கள். முழுக்குரலைக் கடைசி ஓட்டங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒத்திகை முடிவில் கால்மணி நேரம் ஒதுக்கி, அடித்தவரும் அடிபட்டவரும் சொந்தப் பெயர் சொல்லிப் பேசிக்கொள்ள விடுங்கள். தூக்கமின்மை தொடர்ந்தால் மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். அந்தச் செலவு தயாரிப்புக் கணக்கில் வரட்டும். “இந்தக் காட்சி இன்று வேண்டாம்” என்று ஒரு நடிகர் சொன்னால், அதற்காக அவர் வேஷத்தைப் பறிக்காதீர்கள்.